ஊற்றுக்குப் போன வழி: கிராண்ட் கேன்யனின் பிரைட் ஏஞ்சல் பாதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் வழிகளில் மக்கள் அதிகம் நடப்பது பிரைட் ஏஞ்சல் பாதை. மலைப்பாதை என்றால் ஏறிவிட்டு இறங்குவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே முறை மாறுகிறது. காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்துப்போன பிறகு ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, 12.6 கிலோமீட்டரில் ஆற்றைத் தொடுவதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள முகாமுக்குப் போக மொத்தம் 15.3 கிலோமீட்டர்.

இதைப் போட்டது யார்? இது யாருக்குச் சொந்தம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. சுரங்கம் தேடி வந்தவர்கள் போட்டார்கள் என்பது ஒரு பதில். ரயில் கம்பெனி வந்ததால் வளர்ந்தது என்பார்கள் சிலர். தனியார் பிடியிலிருந்து அரசு மீட்டது என்பது பூங்காவின் தரப்பு. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எல்லாச் சண்டையும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்பது தெரிகிறது. பாதையின் நடுவழியில் ஓர் ஊற்று இருக்கிறது. அந்த வறண்ட பள்ளத்தில் ஊற்றைக் கையில் வைத்திருந்தவர்களே பாதையையும் கையில் வைத்திருந்தார்கள். அதை முதலில் வைத்திருந்தவர்கள் ஹவசுபாய் பழங்குடி மக்கள். அவர்களை ஓரத்தில் தள்ளிவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறுதான் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

பாறை விட்ட வழி

கிராண்ட் கேன்யனின் சுவர் பெரிய மாடிப்படி போல அமைந்திருக்கிறது. கெட்டியான பாறை செங்குத்தாக நிற்கும். இளகிய பாறை சரிந்து கிடக்கும். மறுபடி செங்குத்து, மறுபடி சரிவு. மேலே விளிம்பில் இருப்பது 27 கோடி ஆண்டுப் பழமையுள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறை. அடியில் ஆற்றோரம் கருமையாகத் தெரியும் விஷ்ணு உருமாற்றப் பாறைக்கு வயது 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்த அடுக்குகளில் மனிதனுக்குப் பெரிய தடை ரெட்வால் எனப்படும் சுண்ணாம்புச் சுவர். ஏறத்தாழ 150 மீட்டர் செங்குத்து. உள்ளே சாம்பல் நிறப் பாறைதான். மேலடுக்குகளிலிருந்து மழைநீர் கொண்டுவரும் இரும்புத் துரு படிந்துதான் சிவந்திருக்கிறது. மைல் கணக்கில் நீளும் இந்தச் சுவரில் மனிதன் கால் வைத்து இறங்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

அப்படிப்பட்ட ஓர் இடத்தை உண்டாக்கியது பிரைட் ஏஞ்சல் பிளவு. நிலத்தடி அழுத்தத்தில் பாறை வெடித்து, ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைவிடச் சுமார் 60 மீட்டர் நகர்ந்துவிட்டது. நகர்ந்த இடத்தில் பாறை நொறுங்கியது. நொறுங்கலை மழை அரித்துச் சென்றது. இப்படித்தான் செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே ஒரு சரிவு கிடைத்தது. விலங்குகளும் மனிதர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் பாதையின் முதல் சுரங்க வழியருகே நின்று இரு பக்கமும் பார்த்தால், ஒரே நிற அடுக்கு இடப்பக்கம் ஓர் உயரத்திலும் வலப்பக்கம் வேறோர் உயரத்திலும் இருப்பதைக் கண்ணால் காணலாம். ரெட்வாலை இறங்கும் நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகளுக்கு யாக்கோபின் ஏணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊற்றின் கதையும் பாறையின் கதைதான். மேலே பீடபூமியில் விழும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கிக்கொண்டே போகின்றன. நீர் புகாத களிப்பாறை அடுக்கு வந்ததும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளிவருகின்றன. விளிம்பிலிருந்து 7.2 கிலோமீட்டர் தொலைவில், 900 மீட்டருக்கும் மேலான ஆழத்தில், அப்படி ஒரு நீரோடை ஓடுகிறது. அதைச் சுற்றிச் சமமான, பயிரிடத் தக்க மண் இருக்கிறது. சுற்றிலும் பாறையும் முட்செடியும் கிடக்க, இங்கு மட்டும் காட்டன்வுட் மரங்கள் நிழல் விரித்து நிற்கின்றன.

தோட்டம் வைத்திருந்தவர்கள்

ஹவசுபாய் மக்களின் ஆண்டு வாழ்க்கை இரண்டு தளங்களில் நடந்தது. கோடையில் பள்ளத்தாக்கின் உள்ளே நீர் உள்ள இடங்களில் சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டார்கள். குளிர்காலத்தில் மேலே பீடபூமிக்கு ஏறி வேட்டையாடினார்கள். இந்த ஏற்ற இறக்கத்துக்கு வேண்டிய வழிகளில் ஒன்றுதான் பின்னாளில் பிரைட் ஏஞ்சல் என்று பெயர் பெற்றது. நடுவழித் தோட்டத்தை அவர்கள் ஹா கியோ என்று அழைத்தார்கள். பாதையின் மேல் பகுதியில் பாறை மறைவுகளில் சிவப்பு மண் வண்ணத்தில் வரையப்பட்ட உருவங்கள் இன்றும் இருக்கின்றன. நடந்து செல்கிறவர்களில் பெரும்பாலோர் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை.

1882இல் அமெரிக்க அரசு இந்த மக்களுக்கென ஒதுக்கிய நிலம் வெறும் 518 ஏக்கர். அதுவும் மேற்கே தொலைவில் உள்ள ஹவசு பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மட்டும். ஒரு பரந்த பீடபூமியில் வேட்டையாடி வாழ்ந்த சமூகத்துக்கு, ஆண்டில் பாதி நாள் தங்கும் ஒரே ஒரு பள்ளத்தைக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாம் பொது நிலம் என்று அறிவித்தார்கள். ஹா கியோ எல்லைக்கு வெளியே போனது. சட்டம் என்ன சொன்னாலும் சில குடும்பங்கள் அங்கேயே இருந்து பயிரிட்டன.

பாதையின் பிற்கால வரலாற்றை வாசிக்கும்போது இந்த ஆண்டை மறக்கக் கூடாது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் மூன்று தரப்பு இந்த வழிக்காக மோதிக்கொண்டன. மூன்றுமே, உடையவர்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டுதான் மோதின.

தலைக்கு ஒரு டாலர்

ரால்ஃப் கேமரன் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். 1880களில் அரிசோனா வந்தார். செம்பும் வெள்ளியும் தேடி வந்த பலரில் ஒருவர். அவரும் கூட்டாளி பீட் பெர்ரியும் மற்றும் சிலரும் சேர்ந்து 1890–91இல் ஹவசுபாய் வழியைக் குதிரையும் கோவேறு கழுதையும் போகும் அளவுக்கு அகலப்படுத்தினார்கள். முதலில் தோட்டம் வரை, 1890களின் இறுதியில் ஆறு வரை. பெர்ரி 1891இலேயே இதைச் சுங்கப் பாதையாகப் பதிவுசெய்துவிட்டார். தாது பெரிதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை மேலே சுமந்து வரும் செலவு அதன் விலையைத் தின்றுவிட்டது.

நிலைமையை மாற்றியது ரயில். 1901 செப்டம்பரில் வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து தெற்கு விளிம்புக்கு சான்டா ஃபே கம்பெனியின் முதல் பயணிகள் ரயில் வந்தது. அதுவரை ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலிருந்து ஒரு நாள் முழுக்கக் குதிரை வண்டியில் குலுங்கி வரவேண்டும். கட்டணமும் பல மடங்கு. ரயில் டிக்கெட்டோ 3.95 டாலர். 1905இல் எல் தோவார் ஹோட்டல் விளிம்பின்மேலேயே திறக்கப்பட்டது. வந்த கூட்டம் அனைத்தும் கீழே இறங்கிப் பார்க்க விரும்பியது. இறங்கும் வழி கேமரன் கையில் இருந்தது. சவாரிக்குத் தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வைத்தார். அக்காலத்தில் அது கூலிக்காரர் ஒருவரின் நாள் சம்பளத்துக்கு ஈடான தொகை.

சுங்க உரிமைக் காலம் முடிந்ததும், 1906இல் பாதை கொகொனினோ கவுண்டி (மாவட்ட) நிர்வாகத்தின் கைக்குப் போனது. கேமரன் அந்த நிர்வாகக் குழுவில் செல்வாக்கோடு இருந்ததால் வசூல் அவருடைய ஆட்களிடமே நீடித்தது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்றையும் அவர் செய்து வைத்திருந்தார். அமெரிக்கச் சட்டப்படி பொது நிலத்தில் தாது இருப்பதாகச் சொல்லி யாரும் சுரங்க உரிமை கோரலாம். கேமரன் பாதை தொடங்கும் இடத்திலும், ஊற்றுள்ள தோட்டத்திலும், வழியில் முக்கியமான திருப்பங்களிலும் சுரங்க உரிமை கோரி வைத்தார். அங்கே தோண்டி எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடங்களைத் தாண்டாமல் யாரும் ஆற்றுக்குப் போக முடியாது. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாலும் அவருடைய இடத்தில்தான் நின்றாக வேண்டும். இவ்வளவு ஆழமான பள்ளத்தில் வெயிலில் இறங்கி வருகிறவனிடம் ஊற்றை வைத்திருப்பவன் பேரம் பேசினால் எதிர்ப்பேச்சுக்கு இடம் ஏது?

கேமரனைப் பற்றி இரண்டு விதமான மதிப்பீடுகள் இருக்கின்றன. பூங்காவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அவரைப் பொதுச் சொத்தை வளைத்துக்கொண்டவராகக் காட்டுகிறார்கள். அன்றைய வட அரிசோனாவில் பலருக்கு அவர், தூர நகரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் வாரிச் சுருட்டும் ரயில் கம்பெனியை எதிர்த்து நின்ற உள்ளூர்க்காரர். இரண்டாவது மதிப்பீட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சான்டா ஃபேயும் அதன் கூட்டு நிறுவனமான ஃபிரெட் ஹார்வியும் விளிம்பில் தனியுரிமை போலவே வணிகம் நடத்தின. சுங்கம் கட்ட மனமில்லாமல் 1910களின் தொடக்கத்தில் மேற்கே ஹெர்மிட் பாதை என்று தங்களுக்கென ஒரு வழியே போட்டுக்கொண்டன. என் கணிப்பில் கேமரனின் கோபத்தில் நியாயம் இருந்தது, அவருடைய உரிமைக் கோரிக்கையில் இல்லை. உள்ளூர் மக்களின் உரிமை என்று அவர் பேசிய பேச்சில், தோட்டத்தில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த ஹவசுபாய் குடும்பங்களுக்கு இடமே இருக்கவில்லை.

தண்ணீருக்காக ஓடிய படக்காரர்

அந்தக் காலத்தில் பாதையின் வாசலிலேயே கடை விரித்தவர்கள் எல்ஸ்வர்த், எமெரி என்ற கோல்ப் சகோதரர்கள். புகைப்படக்காரர்கள். பாதை தொடங்கும் இடத்தில் கேமரனின் உரிமை நிலத்தில் 1904இல் ஸ்டூடியோ கட்டினார்கள். அவருக்காகச் சுங்கமும் வசூலித்துக் கொடுத்தார்கள். காலையில் கோவேறு கழுதைகளில் ஏறிப் புறப்படும் பயணிகளை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். மாலையில் திரும்பி வரும்போது அந்தப் படத்தை விற்கவேண்டும்.

படத்தைக் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும். விளிம்பில் தண்ணீர் கிடையாது. ரயில் தொட்டிகளில்தான் வந்தது. ஆகவே காலையில் எடுத்த கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு எமெரி பாதையில் இறங்கி ஓடுவார். போகிற பயணிகளையே முந்திக்கொண்டு 7.2 கிலோமீட்டர் கீழே தோட்டத்துக்குப் போவார். அங்கே வைத்திருந்த சிறிய இருட்டறையில் ஊற்று நீரில் கழுவி அச்சிடுவார். அச்சிட்ட படங்களோடு 900 மீட்டருக்கு மேல் மறுபடி ஏறி, பயணிகள் திரும்புமுன் கடையில் நிற்பார். எமெரி 1976இல் இறக்கும்வரை விளிம்பிலேயே வாழ்ந்தார். தண்ணீரும் பாதையும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருந்தன என்பதை இந்த ஓட்டம் போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. ஒரு புகைப்படத்துக்கே இந்தப் பாடு என்றால், ஊருக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

நீதிமன்றமும் செனட்டும்

அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1903இல் கிராண்ட் கேன்யனுக்கு வந்தார். இதை இருக்கிறபடியே விட்டுவையுங்கள் என்று அங்கே பேசினார். தேசியப் பூங்கா அமைப்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம்; அங்கே மசோதா நகரவில்லை. எனவே 1906ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதிபருக்குத் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 1908 ஜனவரி 11 அன்று எட்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். கேமரனின் சுரங்க உரிமைகள் செல்லாது என்று உள்துறை 1909இல் முடிவு சொன்னது. அவர் அசையவில்லை. இதற்கிடையே அவர் அரிசோனாவின் பிரதிநிதியாகக் காங்கிரஸுக்கே போய்விட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய கல்வெட்டு, இடிபாடு போன்ற சிறிய சின்னங்களைக் காக்க வந்த சட்டத்தைக் கொண்டு இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை எப்படி அடைத்துப் போடலாம் என்பது கேமரன் தரப்பு வாதம். 1920இல் நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. கிராண்ட் கேன்யன் அறிவியல் சிறப்புள்ள ஒன்று, எனவே அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு நடைபாதையின் வாசலில் இருந்த துண்டு நிலத்தைப் பற்றிய வழக்கு இது. ஆனால் பின்னாளில் அதிபர்கள் பெரும் பரப்புகளைப் பாதுகாத்த அறிவிப்புகளுக்கெல்லாம் இந்தத் தீர்ப்பே சட்ட ஆதாரமாக நிற்கிறது. இந்தப் பாதை உலகுக்குக் கொடுத்தவற்றில் இதுவே ஆகப் பெரியது என்று நினைக்கிறேன்.

1919 பிப்ரவரி 26 அன்று பூங்கா முறைப்படி அமைந்தது. தீர்ப்பு வந்த ஆண்டிலேயே கேமரன் செனட் தேர்தலில் வென்றார். செனட்டராக இருந்துகொண்டு பூங்காவுக்கான நிதியைத் தடுக்க முயன்றார். 1924இல் பாதையை ஒரு லட்சம் டாலருக்கு வாங்க அரசு முன்வந்தபோது, கவுண்டி மக்கள் வாக்களித்து அதை மறுத்தார்கள். மறுப்புக்குப் பின்னால் கேமரனின் பிரசாரம் இருந்தது. பூங்கா நிர்வாகம் பொறுமை இழந்து, கிழக்கே ஒரு மலைமுதுகைப் பிடித்துத் தெற்குக் கைபாப் என்ற புதிய பாதையை வெட்டத் தொடங்கியது. மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயத்தில் வெடி வைத்து, 1925இல் முடித்தது. சுங்கமில்லாத, நேரான, அழகான பாதை. ஆனால் வழி நெடுகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊற்றோடு கூடிய பழைய வழியை அது ஒருநாளும் ஈடுசெய்ய முடியவில்லை.

1926 தேர்தலில் கேமரன் கார்ல் ஹைடனிடம் தோற்றார். 1928இல், நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குச் சாலை போட்டுக்கொடுப்பதற்கு ஈடாக, கவுண்டி பாதையை அரசிடம் ஒப்படைத்தது. சுங்கம் ஒழிந்தது. கேமரன் பாதை என்றும் வழங்கிவந்த வழிக்கு 1937இல் பிரைட் ஏஞ்சல் என்ற பெயர் உறுதியானது. ஆற்றின் எதிர்க்கரையில் வந்து சேரும் தெளிந்த ஓடைக்கு 1869இல் கொலராடோ ஆற்றில் பயணம் செய்த ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் வைத்த பெயர் அது. கேமரன் 1953இல் இறந்தார். கிராண்ட் கேன்யன் விளிம்பிலுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் அவரைப் புதைத்தார்கள்.

1928: ஒரே ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அதே 1928இல், பூங்கா நிர்வாகம் தோட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி ஹவசுபாய்க் குடியிருப்பாளரான கேப்டன் பர்ரோவை வெளியேற்றியது. ஒரு கையில் சுங்கச் சாவடியை அகற்றிய அரசு, மறு கையில் வழியின் மூத்த உரிமையாளர்களை அகற்றியது. நான்கு ஆண்டுகளில், 1932இல், ஊற்றின் அருகே இறைப்பு நிலையம் எழுந்தது. தோட்டத்துத் தண்ணீர் குழாய் வழியே விளிம்பின் ஹோட்டல்களுக்கு ஏறியது. விளைநிலம் சுற்றுலாவின் நீர்த்தொட்டியாக மாறியது.

வெளியேற்றம் நடந்த அதே 1928இல்தான் ஆற்றின் குறுக்கே இரும்புத் தொங்குபாலமும் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முதன்மை வடங்கள் ஒவ்வொன்றும் 160 மீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ ஒரு டன் எடை. சுற்றிக் கழுதைமேல் ஏற்றவும் முடியாது, துண்டாக்கவும் முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், பெரும்பாலும் ஹவசுபாய் ஆண்கள், வடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசையில் வளைவுகள் வழியே நடந்து இறங்கினார்கள். ஒருவர் கால் தடுமாறினால் முன்னும் பின்னும் உள்ளவர்கள் தோளில் அந்தப் பாரம் ஏறும். ஒரு வடத்தை இறக்கிவிட்டு, மேலே ஏறி வந்து, அடுத்த வடம். தங்கள் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட ஒரு சிறிய சமூகத்தின் ஆண்கள்தான், இன்று உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பாலத்தைத் தோளில் கொண்டுவந்தார்கள். பூங்காவின் பாதைகளில் கூலி வேலைக்கும் அவர்கள் இருந்தார்கள். குடியிருக்க மட்டும் உரிமையில்லை.

இதற்கு அன்றைய நிர்வாகத்தினர் தரப்பில் ஒரு விளக்கம் இருந்திருக்கும்: தேசியப் பூங்கா என்றால் மனிதர் குடியிருக்காத இயற்கை. அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் இந்தக் கொள்கையின் பேரில் பழங்குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். ஹோட்டலும் ரயில் நிலையமும் இறைப்பு நிலையமும் இருக்கலாம், சோளக்கொல்லை இருக்கக் கூடாது என்ற அந்த இயற்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

இளைஞர் படையும் பாதை வேலையும்

அடுத்த பெரிய கட்டம் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வந்தது. வேலையில்லா இளைஞர்களுக்காக 1933இல் தொடங்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைப்படை இங்கே முகாமிட்டது. பாதையில் ஒன்றரை மைலிலும் மூன்று மைலிலும் இன்று நடப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் கல் ஓய்வறைகள் அவர்கள் கட்டியவை. ஆற்றோரச் செங்குத்தைக் குடைந்து, பிரைட் ஏஞ்சல் பாதையைத் தொங்குபாலத்தோடு இணைக்கும் ஆற்றுப் பாதையை 1936இல் முடித்தார்கள். பள்ளத்தாக்கைக் குறுக்காகக் கடக்கும் தொலைபேசிக் கம்பியையும் அவர்களே இழுத்தார்கள். வெடிமருந்தையும் கடப்பாரையையும் நம்பி, கயிற்றில் தொங்கிச் செய்த வேலை.

இப்படிப்பட்ட பாதை ஒருமுறை போட்டதோடு முடிந்துவிடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை கொட்டும். அரை மணி நேர மழை ஒரு வளைவையே அடித்துக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் பாதையின் குறுக்கே சாய்வாக மரக்கட்டைகளும் கல்வரிசைகளும் பதித்திருக்கிறார்கள். ஓடி வரும் தண்ணீரை அவை ஓரமாகத் திருப்பிவிடும். கோவேறு கழுதையின் குளம்பு மண்ணைப் பொடியாக்கும். மழை பொடியைக் கழுவும். கட்டைகள் படிபோல உயர்ந்து நிற்கும். நடப்பவர்கள் கட்டையைத் தவிர்த்து ஓரம் மிதிக்க, ஓரம் சரியும். மறுபடி மண் கொட்டி நிரப்ப வேண்டும். இந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருப்பவர்கள் பாதைப் பணியாளர்கள். வரலாற்றுப் புத்தகங்களில் கேமரனுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

குழாய்

விளிம்பின் கூட்டம் பெருகப் பெருகத் தோட்டத்து ஊற்று போதவில்லை. 1960களில் வடக்குச் சரிவிலுள்ள ரோரிங் ஊற்றிலிருந்து 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தார்கள். 1966 டிசம்பர் வெள்ளம் பாதிக்குமேல் முடிந்த வேலையைச் சேதப்படுத்த, மீண்டும் செய்து 1970இல் முடித்தார்கள். குழாய் ஆற்றை ஒரு தனி நடைப்பாலத்தின் அடியில் கடந்து, தன் ஓட்டத்திலேயே பழைய தோட்டம் வரை ஏறுகிறது. அங்கிருந்து விளிம்புக்கு இறைக்கிறார்கள். ஆக இன்றும் தெற்கு விளிம்பின் ஒவ்வொரு குழாயும் அந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் நிரம்புகிறது.

குழாய்க்கு வயதாகிவிட்டது. 2010க்குப் பிறகு 85 முறைக்கு மேல் பெரிய உடைப்புகள். ஒவ்வொரு தடவையும் ஆட்களையும் கருவிகளையும் ஹெலிகாப்டரில் இறக்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 20.8 கோடி டாலர் செலவில் மாற்றுப் பணி 2023இல் தொடங்கியது. அதற்காக 2023 டிசம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை பாதையின் மேல் பகுதியையே மூடினார்கள்.

தண்ணீர் இன்னொரு விதத்திலும் இந்தப் பாதையில் உயிர்ப் பிரச்சினை. கோடையில் விளிம்பில் இதமாக இருக்கும்போது அடியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். இறங்குவது எளிது என்பதால் பலர் நினைத்ததைவிட ஆழமாகப் போய்விடுகிறார்கள். திரும்பும்போதுதான் உடல் கைவிடுகிறது. 1990களின் நடுவில் வெப்பத்தால் நேர்ந்த மரணங்களை அடுத்து, ஆபத்து வருமுன்னே தடுக்கும் குழு ஒன்றை 1997இல் பூங்கா அமைத்தது. அவர்கள் பாதையில் நின்று, எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, தேவையானவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

திரும்பி வந்த பெயர்

ஹவசுபாய் மக்கள் போராட்டத்தை விடவில்லை. 1975இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் பீடபூமியில் சுமார் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரு பழங்குடிக்கு இவ்வளவு நிலம் திரும்புவது அரிது. ஹா கியோ அதில் சேரவில்லை. அது பூங்காவின் உள்ளேயே இருந்தது. இந்தியன் கார்டன் என்று யாரோ வைத்த பெயரோடும் இருந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்த இடத்துக்கு வருகிறார்கள், அவர்களுக்கு நடந்தது தெரியாது, அந்தப் பெயரும் வெளியேற்றமும் எங்கள் குடும்பங்களைப் புண்படுத்தியிருக்கின்றன என்று பழங்குடி ஆட்சிமன்றம் முறையிட்டது. அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் 2022 நவம்பரில் ஒருமனதாக அதை ஹவசுபாய் கார்டன்ஸ் என்று மாற்றியது. 2023 மே மாதம் அங்கே பழங்குடி மக்கள் கூடி விழா எடுத்தார்கள்.

பெயர் மாற்றம் பெரிய நிவாரணம் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நிலம் திரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் பாதை வரைபடத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இப்போது அவர்களின் பெயரைப் படித்தாக வேண்டும். மறைத்து வைத்திருந்த ஒரு வரலாறு குறைந்தபட்சம் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. இது தொடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தோட்டத்தில் ஹவசுபாய் குடும்பங்கள் ஆண்டில் சில நாட்களாவது தங்கிப் பயிரிடும் உரிமை பற்றிப் பேச்சு எழவேண்டும். அதைத் தடுக்கும் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல விடுமுறையில் கிராண்ட் கேன்யன் போய்வருகின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளிம்பில் படம் எடுத்ததோடு திரும்பாமல், உடல் தெம்பும் நேரமும் இருந்தால், கோடையைத் தவிர்த்து அக்டோபரிலோ ஏப்ரலிலோ பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்ச தூரமாவது இறங்குங்கள். ஆறு வரை ஒரே நாளில் போய்வர முயல வேண்டாம். தண்ணீரும் உப்புள்ள தின்பண்டமும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இறங்க ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். ஹவசுபாய் கார்டன்ஸ் வரை போகிறவர்கள், அங்கே நிழலில் உட்காரும்போது, இது 1928 வரை ஒரு குடும்பம் சோளம் விளைத்த தோட்டம் என்று உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.